மலையோடை சொல்லும் செய்தி
டிரவுட் மீனும் இளவேனில் தூண்டிலும்

தூண்டிற்கோலை எடுத்துக்கொண்டு நீர்நிலையை நாடிச் செல்வது நம் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, பால்வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பின்னர், பிற்பகற்பொழுதில் ஓடையோரத்திலோ ஈயக்குட்டைக் கரையிலோ அமர்ந்து விரால், கெளுத்தி, பனையேறி முதலிய மீன்களைப் பிடிப்போர் பலர். செலவில்லாத பொழுதுபோக்கு, மாலைக் குழம்புக்கும் உதவுவது.

ஆனால் தூண்டில் போடுவதையே ஒரு கலையாகவும், ஓரளவுக்கு ஓர் அறிவியலாகவும் வளர்த்துள்ள நாடுகள் உண்டு. குளிர்காலம் கழிந்து இளவேனில் தொடங்கும் நாள்களில், மலையோடைகளில் வாழும் டிரவுட் என்னும் மீனைச் செயற்கை ஈயைக் கொண்டு பிடிக்கும் முறை அவற்றுள் தலையாயது. தொலைக்காட்சியில் இக்காட்சியைக் கண்ட நம் இளைஞர்கள், "அந்த மீன் நம் நாட்டில் கிடைக்குமா? ஏன் அவ்வளவு குளிர்ந்த நீரில் நின்று பிடிக்கிறார்கள்?" எனக் கேட்பதுண்டு. இக்கேள்விகளுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடை தேடும் வழியில், நம் தோட்டத்து ஓடையைப் பற்றியும் நம் பிள்ளைகளின் உயிரைப் பற்றியும் சில உண்மைகளை அறிந்துகொள்ளப் போகிறோம்.

தமிழர் அறிந்த டிரவுட்

டிரவுட் ஐரோப்பிய மீனாயிற்றே, அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என எண்ண வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் நீலகிரியிலும், கேரளத்தின் மூணாற்றிலும், இலங்கையின் நுவரெலியாவிலும் இம்மீன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்பட்டது. இம்மூன்றும் நம்மவர் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவரும் மலைநாடுகளே. நாம் பால்மரத்தோடு வாழ்ந்த காலத்தில், நம் உறவினர் பலர் டிரவுட் நீந்தும் ஓடைகளின் அருகே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர்.

டிரவுட்டில் இரண்டு இனங்கள் பெயர்பெற்றவை. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவுக்கு உரியது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்கு உரியது. உடலின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. நீலகிரியில் நிலைபெற்றது வானவில் டிரவுட்டே.

அங்கு அது தானாக வரவில்லை. துரைமார் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தனர். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றி, இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே என்பார் 1860களிலேயே நீலகிரியில் டிரவுட்டை வளர்க்க முயன்று வெற்றி காணவில்லை. நீராவிக் கப்பலில் பல வாரங்கள் வெப்ப மண்டலத்தைக் கடந்து வரும்போது முட்டைகள் கெட்டுவிடும். மீன்முட்டையைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசெல்லும் வித்தை 1864இல் கைகூடியது. அவ்வாண்டில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்குப் பெட்டிகளில் ஈரப்பாசியைப் பரப்பி, அதனிடையே முட்டைகளை வைத்து, சுற்றிலும் பனிக்கட்டியை அடுக்கிக் கொண்டுசென்றனர். குளிர்ச்சியில் முட்டையின் வளர்ச்சி மெதுவாகும். ஆதலால் மூன்று மாதப் பயணத்தையும் அது தாங்கியது.

இலங்கையின் மலைநாட்டுக்கு 1880களில் டிரவுட் வந்து சேர்ந்தது. காஷ்மீருக்கு 1900ஆம் ஆண்டில் வந்தது. நீலகிரியில் மீன்வள வல்லுநர் எச்.சி. வில்சன் மேற்கொண்ட முயற்சியால் 1907இல் அவலாஞ்சி என்னுமிடத்தில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கு வளர்ந்த குஞ்சுகள் அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா, முக்குருத்தி, அப்பர் பவானி முதலிய இடங்களின் ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டன. மூணாற்றில் தோட்ட நிர்வாகிகள் இராஜமலைப் பகுதியில் இம்மீனை வளர்த்தனர்.

குளிர்நீர் ஏன் வேண்டும்?

டிரவுட் வாழ்வதற்கு நீர் குளிர்ந்திருத்தல் வேண்டும். 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலை அதற்கு மிக உகந்தது. 20 பாகையைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். 25 பாகையை எட்டினால் பெரும்பாலும் மடியும்.

இதற்குக் காரணம் நீரில் கரைந்துள்ள உயிர்வளி, அதாவது ஆக்சிஜன். மீனும் நம்மைப்போல் உயிர்வளியால் வாழ்வதே. செவுள் வழியாக அதனை நீரிலிருந்து பிரித்தெடுக்கிறது. கடல்மட்டத்தில், 10 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 20 பாகையில் 9 மில்லிகிராம். 28 பாகையில் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. நீர் சூடேற ஏற உயிர்வளி குறைகிறது. அதே நேரத்தில் மீனின் உடலியக்கம் விரைவுபெற்று உயிர்வளித் தேவை மிகுகிறது. வருமானம் குறையும்போது செலவு கூடினால் குடும்பம் என்ன பாடுபடுமோ, அந்த நிலையே மீனுக்கும் ஏற்படுகிறது. மலையுச்சியில் காற்று மெலிந்திருப்பதால் நீரில் கரையும் உயிர்வளி சற்றுக் குறையும் என்பது உண்மையே. ஆயினும் ஓடை பாறைமேல் மோதி நுரைத்து வீழும்போது காற்றோடு கலந்து அக்குறையைப் பெரிதும் ஈடு செய்துகொள்கிறது.

நீலகிரியில் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்கிட்டு அறியலாம். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். சுபாங் ஜெயா கடல்மட்டத்தையொட்டிய தாழ்நிலம். அங்குச் சராசரி வெப்பம் 27 அல்லது 28 பாகை. உதகமண்டலமோ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. 22 நூறுகளை 0.6ஆல் பெருக்கினால் 13 பாகை வருகிறது. 27இலிருந்து 13ஐக் கழித்தால் எஞ்சுவது 14. டிரவுட்டுக்கு வேண்டிய அளவு அதுவே. சுபாங் ஜெயாவும் நீலகிரியும் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரே தொலைவில் இல்லை என்பதால் இது துல்லியமான கணக்கன்று. எனினும் நிலைமையை உணர்த்தப் போதுமானது.

இளவேனிலின் தொடக்கம்

நம் நாட்டில் நான்கு பருவங்கள் இல்லை. ஆயினும் பால்மரத்தோடு பழகியவர்களுக்கு இளவேனில் இன்னதெனப் புரியவைப்பது எளிது. ஆண்டின் தொடக்க மாதங்களில் வறட்சி வந்ததும் பால்மரம் இலைகளை உதிர்த்து மொட்டையாய் நிற்கிறது, பால் குறைகிறது. பின்னர்ச் செம்பழுப்பு நிறத் தளிர்கள் விட்டு மீண்டும் உயிர்பெறுகிறது. பனிநாடுகளில் இம்மாற்றம் மரங்களோடு நில்லாமல், ஆறு, பூச்சி, மீன் அனைத்திலும் ஒருசேர நிகழ்கிறது. அதுவே அங்கு இளவேனில்.

குளிர்காலத்தில் ஓடைநீர் 2, 3 பாகைக்கு இறங்கிவிடும். டிரவுட் செத்தாற்போல் மடுவின் அடியில் அசையாது கிடக்கும்; இரை தேடி நீந்தினால் கிடைப்பதைவிடச் செலவாகும் வலிமை மிகுதியாகிவிடும். நீர் 5 பாகையைக் கடந்ததும் சிறிது அசையத் தொடங்கும். 7, 8 பாகையில் அருகே வரும் இரையை வாய்திறந்து கொள்ளும். 10 பாகையை எட்டியதும் தானே தேடிச் சென்று தின்னும். ஆகவே, இளவேனிலின் தொடக்கத்தில் மீன்பிடிப்போர் கையில் முதலில் எடுப்பது தூண்டிலன்று; வெப்பமானியே.

இதனால் நம் தொழிலுக்கு நேர்மாறான ஒரு வழக்கம் அங்கு உண்டு. பால்வெட்டுவோர் விடியலில் மரத்தை அணுகுகின்றனர். குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்து பால் நன்கு ஒழுகும். வெயில் ஏறினால் நின்றுபோகும். இளவேனில் டிரவுட்டுக்கோ விடியலிற் செல்வது வீண். வெயில் ஏறி நீர் இரண்டு மூன்று பாகை சூடேறிய பின்னரே மீன் வாய் திறக்கும். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையே நல்ல நேரம் எனலாம். பனி மூடிய மலைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெயில் அளவுக்கு மீறினால் பனி உருகி ஓடையில் இறங்கும். அப்போது வெயிலடித்தும் நீர் மேலும் குளிர்ந்து, கலங்கி, மீன் மீண்டும் பதுங்கிவிடும்.

நீலகிரியில் ஓடை உறைவதில்லை. எனினும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவலாஞ்சிப் புல்வெளிகளில் உறைபனி படியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மழை மிகக் குறைவு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஓடைகள் வற்றி, கண்ணாடிபோல் தெளிந்து ஓடும். வடநாடுகளில் வானவில் டிரவுட் பெரும்பாலும் இளவேனிலில் முட்டையிடும். நீலகிரியில் அது குளிர்மாதங்களிலேயே முட்டையிடுகிறது. தாய்மீன் வாலால் பரற்கற்களைத் தோண்டிப் பள்ளம் செய்து, அதில் முட்டையிட்டு மூடும். 10 பாகை நீரில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும்; பின்னும் சில வாரங்கள் கற்களின் இடையிலேயே ஒளிந்திருக்கும். ஆகவே இப்பருவத்தில் ஓடைக்குள் இறங்கிப் பரற்கற்களை மிதிப்பது, வரும் ஆண்டுகளின் மீன்களை மிதிப்பதற்குச் சமம்.

செயற்கை ஈ

டிரவுட்டின் முதன்மை உணவு நீர்ப்பூச்சிகளாகும். அவற்றுள் மூன்று வகை முக்கியமானவை. முதலாவது, மாதக்கணக்கில் நீரடியில் புழுவாய் வாழ்ந்து, சிறகு முளைத்து மேலெழுந்து, ஓரிரு நாளில் மடியும் பூச்சி. இரண்டாவது, மணலையும் சுள்ளியையும் ஒட்டித் தனக்கெனக் கூடு கட்டிக்கொண்டு கற்களில் வாழும் பூச்சி. மூன்றாவது, கற்களின் அடியில் ஊர்ந்து திரிந்து, இரண்டு நீண்ட வால்மயிர்களுடன் காணப்படும் பூச்சி.

இப்பூச்சிகளைப்போல் தோன்றுமாறு, சிறு கொக்கியில் பறவை இறகு, உரோமம், பட்டுநூல் ஆகியவற்றைச் சுற்றிச் செய்வதே செயற்கை ஈ. அதற்கு எடை இல்லை. நம் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ எடை தந்து நரம்பை இழுத்துச் செல்லும். செயற்கை ஈத் தூண்டிலில் நரம்பே தடித்து எடையுள்ளதாக இருக்கும். கோலைப் பின்னும் முன்னும் வீசும்போது, சாட்டை சுழல்வதுபோல் நரம்பு சுழன்று ஈயை மெல்லக் கொண்டுபோய் நீர்மேல் வைக்கும். கைவலிமையைவிடக் கைப்பதமே இதில் பெரிது. பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லியதாய்ச் சீவி எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கைப்பதம் என்றால் என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இளவேனிலின் தொடக்கத்தில் மேலெழும் பூச்சிகள் குறைவு. ஆதலின் நீரடிப் புழுவைப் போன்ற ஈயைச் சற்று எடையேற்றி, தரையைத் தொட்டும் தொடாமலும் உருண்டு செல்லுமாறு விடுவர். நண்பகலில் சிறுபூச்சிகள் சில மேலெழுந்தால், மிதக்கும் சிறிய ஈக்கு மாறுவர். எதைத் தின்கிறது என்று பார்த்து, அதையே கொடுப்பதுதான் இதன் முழு இரகசியம்.

ஓடையைப் படித்தல்

ஓடை முழுவதிலும் மீன் பரவியிருப்பதில்லை. மீன் எப்போதும் நீர்வரத்தை எதிர்நோக்கி நிற்கும். அடித்துவரும் இரையைக் கொள்வதற்கும் செவுளில் நீர் புகுவதற்கும் அதுவே ஏற்றது. ஆனால் ஓடும் நீரை எதிர்த்து நிற்பது களைப்பைத் தரும். ஆகவே குறைந்த உழைப்பில் நிறைந்த உணவு கிடைக்கும் இடத்தை அது தேர்ந்தெடுக்கும். பெரிய பாறையின் பின்புறம், விரைந்தோடும் நீரும் மெதுவாக ஓடும் நீரும் கூடும் கோடு, கரையை அரித்து உட்குழிந்த நிழல், அருவிக்குக் கீழுள்ள மடுவின் விளிம்பு ஆகியவை மீன் தங்கும் இடங்கள். குளிர்ந்த நாள்களில் ஆழ்ந்து அமைதியான மடுவிலும், வெயில் படும் கரையோரத்திலும் அது மிகுதியாக இருக்கும்.

தெளிந்த நீரில் மீனுக்குப் பார்வை கூர்மையானது. எனவே கீழ்ப்புறத்திலிருந்து, மீனின் பின்னால், குனிந்து, நிழல் நீரில் விழாமல் அணுக வேண்டும். சிறிய மழைக்குப்பின் நீர் தேநீர்போல் இலேசாக நிறம் மாறினால் மீனின் அச்சம் குறையும். அது நல்ல வேளை. செம்மண் கலந்து குழம்பினால் மீன் இரையைக் காணாது. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். மேலும், நீர் 20 பாகையை நெருங்கினால் நல்ல மீன்பிடிப்போர் தாமே நிறுத்திக்கொள்வர். அப்போது பிடித்து விட்டாலும் மீன் பிழைப்பது அரிது.

நம் நாட்டு மலையோடைகள்

நம் மலையடிவார ஓடைகளில் நீர் பெரும்பாலும் 22 முதல் 26 பாகை வரை இருக்கும். அங்கு டிரவுட் வாழாது. ஆயினும் மலையோடைக்கெனவே படைக்கப்பட்ட மீன்கள் நமக்கு உண்டு. கெலா, தெங்காஸ், செபாராவ் ஆகியவை அவை. கெலா, காவிரியிலும் பவானியிலும் வாழும் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டையின் நெருங்கிய உறவாகும். காசளவு பெரிய செதில்களோடு, தெளிந்த நீரும் பாறைத் தரையும் உள்ள மேலாறுகளில் வாழும். டிரவுட் பூச்சியை எதிர்நோக்குவதுபோல், கெலா கரையோர மரங்களிலிருந்து உதிரும் பழங்களை எதிர்நோக்கும். செம்பனைப் பழத்தையும் விரும்பித் தின்னும். இன்று செம்பனையாய் மாறிவிட்ட பழைய ரப்பர்த் தோட்டங்களில் உள்ளோர் இதைக் கேட்டு வியக்கக்கூடும்.

கெலா மெதுவாக வளர்வது. அளவின்றிப் பிடித்ததாலும், காடு அழிந்து ஓடைகள் கலங்கியதாலும் பல ஆறுகளில் அது அருகிவிட்டது. சிலாங்கூரில் கோலக் குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள சிலிங் ஆறு, மீன் சரணாலயமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. பகாங்கில் தேசியப் பூங்காவைச் சேர்ந்த தாஹான் ஆற்றிலுள்ள லூபோக் தெனோர் மடுவும் அத்தகையது. அங்கு மீனைக் காணலாம், பிடிக்கலாகாது.

இங்கு இன்னொன்றையும் கூறவேண்டும். துரைமார் தம் விளையாட்டுக்காக விட்ட டிரவுட், பல நாடுகளில் அவ்விடத்துக்குரிய சிறுமீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் தின்று அழித்தது என்பதை ஆய்வாளர் இன்று உணர்ந்துள்ளனர். நம் சிலாங்கூர் ஆறுகளிலும் அந்நிலை தோன்றியுள்ளது. கண்ணாடித் தொட்டியைத் துப்புரவாக்க வாங்கிய 'இக்கான் பண்டாராயா' பெரிதாகிவிட்டதென ஆற்றில் விடப்பட்டு, பெருகி, கரையைக் குடைந்து, உள்நாட்டு மீன்களின் இடத்தைப் பற்றிக்கொண்டுள்ளது. அதனை வலையிட்டு அகற்றத் தன்னார்வக் குழுவினர் பாடுபட்டு வருகின்றனர். தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீனை இரக்கத்தினால் ஓடையில் விடுவது அறமன்று.

கல்லைப் புரட்டிப் பாருங்கள்

இன்று அடுக்குமாடிகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த சுபாங் ஜெயா, 1970களின் நடுப்பகுதி வரை சீஃபீல்டு என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அதனருகே ஓடும் கிள்ளான் ஆறு, தித்திவங்சா மலைத்தொடரில் தெளிந்த ஓடையாகப் பிறந்து, கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றோடு கூடி, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. பிறக்குமிடத்தில் தெங்காஸ் வாழத்தக்க நீர், நகரைக் கடந்து வரும்போது நிறமும் மணமும் மாறிவிடுகிறது. ஆறு நடுவழியில் நோயுறுகிறது.

நோயை எவ்வாறு அறிவது? டிரவுட் பிடிப்போர் தேடும் அந்த மூன்று பூச்சிகளே இதற்கும் துணை. உயிர்வளி நிறைந்த தூய நீரிலேயே அவை பெரும்பாலும் வாழும். நீர் கெட்டால் முதலில் மறைபவை அவையே. இக்காரணத்தால் நீர்நிலை ஆய்வாளர்கள் அவற்றைச் சான்றாகக் கொள்கின்றனர். நம் நாட்டு ஓடைகளிலும் இவ்வினங்கள் உண்டு. ஆழமில்லாத ஓரத்தில் உள்ளங்கையளவு கல்லொன்றை எடுத்து, அடிப்புறத்தைப் பாருங்கள். வால்மயிருள்ள புழுக்களும் மணற்கூடுகளும் ஒட்டியிருந்தால் ஓடை நலமாக உள்ளது. வழவழப்பான அழுக்கும் சிவப்பு நூற்புழுக்களும் மட்டுமே இருந்தால், அங்கு உயிர்வளி குறைந்துவிட்டது. அந்தச் சிவப்புப் புழுவின் நிறத்துக்குக் காரணம், நம் இரத்தத்தில் உள்ளது போன்ற செந்நிறப் பொருளே. குறைந்த உயிர்வளியையும் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. பார்த்தபின் கல்லை இருந்தவாறே வைத்துவிடுங்கள். தோட்டப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்க்கு இதனை ஓர் அறிவியற் பாடமாகவே நடத்தலாம்.

இதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. பாலைக் கெட்டியாக்க ஃபார்மிக் அமிலமும், உறையாது வைக்க அம்மோனியாவும் சேர்க்கப்படுகின்றன. ரப்பரைப் பிரித்தபின் எஞ்சும் கழிவுநீரில் புரதமும் சர்க்கரையும் கலந்திருக்கும். அது நஞ்சுபோல் தோன்றாது. ஆனால் ஓடையில் விட்டால், நுண்ணுயிர்கள் அதனைத் தின்று பெருகி நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கும். ஒரு காலத்தில் ரப்பர் ஆலைகளுக்குக் கீழுள்ள ஓடைகள் பல இவ்வாறே கெட்டன. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1978இல் கச்சா ரப்பர் ஆலைகளுக்கென வந்த விதிகளும் இந்நிலையை மாற்றின. கழிவுநீரைக் குளங்களில் தேக்கி, நுண்ணுயிர்களின் வேலை அங்கேயே முடிந்தபின் வெளிவிடும் முறை ஏற்பட்டது. அக்குளத்தின் கரை உடைந்தாலோ, கழிவுநீர் நேரே ஓடைக்குச் செல்லக் கண்டாலோ, நிர்வாகத்துக்கோ சுற்றுச்சூழல் இலாகாவுக்கோ தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமையாகும். களைக்கொல்லி தெளித்த கருவிகளையும் கலன்களையும் ஓடையில் கழுவுதல் அறவே கூடாது.

தலைவெள்ளத்தை அறிவோம்

மலையோடையின் நிலையைப் படிக்கத் தெரிந்தவர் மீனைப் பிடிப்பார் என்பது ஒருபுறமிருக்க, அவர் தம் உயிரையும் காத்துக்கொள்வார். விடுமுறை நாள்களில் நம் இளைஞர்கள் உலு லங்காட், கோம்பாக், உலு சிலாங்கூர் வட்டாரங்களின் ஓடைகளுக்குக் கூட்டமாகச் செல்கின்றனர். அங்கு அவர்கள் அறிந்திருக்க வேண்டியது, மலாய்மொழியில் 'கெப்பாலா ஆயர்' எனப்படும் தலைவெள்ளமாகும்.

மலையுச்சியில் பெருமழை பெய்யும்போது கீழே வெயிலடிக்கலாம். செங்குத்தான சரிவுகளில் விழும் நீரெல்லாம் ஒரே ஓடையில் கூடிச் சில நிமிடங்களில் சுவர்போல் இறங்கும். மரக்கிளைகள் ஓரிடத்தில் சிக்கி அணைபோல் நீரைத் தேக்கி, பின் உடைந்தால் அதன் வேகம் இன்னும் கொடிது. 2021 ஆகஸ்டு 18இல் கெடா மாநிலம் யான் வட்டாரத்தில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய தலைவெள்ளம் உயிர்களைப் பலிகொண்டதை நாடு மறந்திராது. நீலகிரியின் அவலாஞ்சியிலும் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கோலாலம்பூரில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அது. பிப்ரவரியில் முழங்கால் நனையாத ஓடை, ஆகஸ்டில் பாறைகளையே உருட்டும்.

தலைவெள்ளம் முன்னறிவிப்பின்றி வருவதாகக் கூறுவர். ஆனால் கவனிப்போர்க்கு அறிகுறிகள் உண்டு.

தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கும்.

இலையும் சுள்ளியும் நுரையும் மிகுதியாய் மிதந்து வரும்.

பாறையில் இருந்த நீர்க்கோடு சிறிது சிறிதாக மேலேறும்.

மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்கும்; அல்லது மலைமுகட்டில் கருமேகம் திரண்டிருக்கும்.

இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே கரையேற வேண்டும். தூண்டில், காலணி, கைப்பேசி ஆகியவற்றை எடுக்கத் திரும்பலாகாது. எதிர்க்கரைக்குச் செல்ல முயலாமல், நிற்கும் பக்கத்திலேயே மேட்டை நோக்கி ஏறுக. ஓடையின் நடுவிலுள்ள திட்டு பாதுகாப்பானதன்று; வெள்ளம் வந்தபின் அதுவே பொறியாகிவிடும். யாரேனும் அடித்துச் செல்லப்பட்டால் நீந்தத் தெரியும் என்று பின்னால் குதிக்காமல், கயிறோ நீண்ட கழியோ எறிந்து, 999 என்னும் எண்ணில் தீயணைப்பு மீட்புப் படையினரை அழைத்தல் வேண்டும்.

மேலும், கையிலோ காலிலோ புண்ணுள்ளவர்கள் ஓடையில் இறங்காதிருப்பது நலம். எலியின் சிறுநீர் கலந்த நீரினால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். ஓடைக்குச் சென்றுவந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் கண்டால் மருந்தகத்துக்குச் சென்று, ஓடைக்குச் சென்ற செய்தியையும் மருத்துவரிடம் கூறுக.

முடிவாக

டிரவுட் மீனை நம் ஓடைகளில் நாம் காணப்போவதில்லை. காண வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அதனைப் பிடிப்போரின் பழக்கம் நாம் கைக்கொள்ளத்தக்கது. அவர்கள் தூண்டிலை வீசுமுன் ஓடையைப் பார்க்கின்றனர். நீர் எவ்வளவு குளிர்ந்துள்ளது, என்ன நிறம், கல்லடியில் எந்தப் பூச்சி, மலைமேல் எத்தகைய வானம் என ஒவ்வொன்றையும் கேட்டறிகின்றனர். குஞ்சு மீன்கள் ஒளிந்திருக்கும் இடத்தை மிதியாது விலகிச் செல்கின்றனர்.

நம் பெற்றோர் வெளிக்காட்டில் வேலை செய்த நாள்களில் ஓடைநீரை அள்ளிக் குடித்தனர். இன்று அவ்வாறு குடிக்கத்தக்க ஓடைகள் மிகச் சிலவே. எஞ்சியுள்ள ஓடைகளையாவது காப்பது நம் கையில் உள்ளது. அடுத்த முறை பிள்ளைகளுடன் ஓடைக்குச் செல்லும்போது, முதலில் வானத்தைக் காட்டுங்கள். பிறகு ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுங்கள். தூண்டிலை அதன்பின் கையில் கொடுக்கலாம்.